விலகும் நாளில் தொடங்கும் ஓய்வூதியம்

(புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் பகுதியின் போலகத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



காவலர்களின் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து ஆண்டுகள் காவல் பணி செய்தவர் விரும்பினால் விலகலாம் என்ற உரிமை வேண்டும். விலகிய மறுநாளிலிருந்தே அவருக்கு ஓய்வூதியம் வர வேண்டும். கஷ்டப்பட்ட மனிதர்கள், பாவம், ஏதாவது செய்யுங்கள் என்று இதைக் கேட்கவில்லை. வேறு எந்த ஊழியரிடமும் கேட்காத சிலவற்றை அரசு காவலரிடம் வாங்கிக்கொள்கிறது. வாங்கியதற்கு ஈடாகத் தர வேண்டியதைத்தான் கேட்கிறேன்.

1. காவலர் கொடுத்துவிட்டது என்ன?

நம் அரசியலமைப்பின் 33-ஆவது பிரிவு, பொது ஒழுங்கைக் காக்கும் படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதன் வழியே 1966-இல் காவல் படைகளின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. ஆசிரியர் கூட்டணி அமைக்கலாம், மின் ஊழியர் கொடி பிடிக்கலாம், துறைமுகத் தொழிலாளி வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுக்கலாம். அவர்களுக்குப் பந்தோபஸ்து நிற்கும் போலீஸ்காரர் தன் வேலைநேரத்தைப் பற்றிக்கூட அப்படிக் கேட்க முடியாது. கட்டுப்பாடு தேவையானதுதான். ஆயுதம் ஏந்தியவர்கள் வேலைநிறுத்தம் செய்தால் ஊர் தாங்காது. ஆனால் பேரம் பேசும் உரிமையை எடுத்துவிட்டால், பேரம் பேசி அவர் பெற்றிருக்கக்கூடியதைத் தருவது எடுத்தவரின் கடமை.

பிரான்ஸ் இந்தக் கணக்கை வெளிப்படையாகவே தீர்த்தது. 1948-இல் அந்நாட்டுக் காவலர்களின் வேலைநிறுத்த உரிமை பறிக்கப்பட்டது. 1957-இல் வந்த சட்டம், ஒவ்வொரு ஐந்து ஆண்டுப் பணிக்கும் ஓர் ஆண்டைக் கூடுதலாக, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் வரை, ஓய்வூதியக் கணக்கில் சேர்த்துக் கொடுத்தது. மற்ற ஊழியர்களுக்கு முன்பாகவே, ஐம்பது வயதை ஒட்டி ஓய்வு பெறவும் வழி இருந்தது. அந்த வயதை 2010-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் 52 ஆக்கியது, 2023-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் 54-ஐ நோக்கி நகர்த்தியது. வயது உயர்ந்தாலும் காவலருக்குத் தனிக் கணக்கு என்ற கொள்கையைக் கைவிடவில்லை.

பிரிட்டனில் 1890-ஆம் ஆண்டின் காவல் சட்டம், 25 ஆண்டுப் பணிக்குப் பிறகு ஓய்வூதியத்தை உரிமையாக்கியது. அமெரிக்காவில் 1947-இல் எஃப்.பி.ஐ. முகவர்களுக்கும், மறு ஆண்டு மற்ற கூட்டாட்சிக் காவல் அலுவலர்களுக்கும், 20 ஆண்டுப் பணியும் 50 வயதும் இருந்தால் ஓய்வு பெறலாம் என்று விதி வந்தது. பொதுவாக 57 வயதுக்கு மேல் அவர்களை வேலையில் வைத்திருப்பதும் இல்லை. ஓடிப் பிடிக்க வேண்டிய வேலைக்கு இளமை வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

நம் நாட்டிலேயே நிரந்தரப் பணியில் இருக்கும் ராணுவ வீரர் 15 ஆண்டுப் பணியில் ஓய்வூதியத் தகுதி பெறுகிறார், முப்பதுகளின் இறுதியில் ஊர் திரும்புகிறார். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சிக்கு இரவு பகலாகக் கயிறு பிடித்து நிற்கும் தலைமைக் காவலர் 60 வயது வரை நிற்கிறார்.

அந்த நிற்றல் எப்படிப்பட்டது என்பதற்கு அரசின் ஆவணமே சாட்சி. காவல் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியகத்துக்காக 2014-இல் வெளியான ஆய்வு, காவல் நிலைய ஊழியர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதாகக் கண்டது. நான்கில் மூவருக்கு மாதத்தில் ஒரு வாராந்தர விடுமுறைகூட முழுதாகக் கிடைப்பதில்லை. 2019-இல் காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். நிறுவனமும் வெளியிட்ட அறிக்கை, இந்தியக் காவலர் சராசரியாக நாளுக்கு 14 மணி நேரம் பணியில் இருப்பதாகச் சொல்கிறது. எட்டு மணி நேர வேலை என்று கணக்கிட்டால், இப்படி இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பைக் கொடுத்துவிட்டார். அறுபது வயது வரை வேலை செய் என்று அவரிடம் சொல்லும்போது, அந்தக் கூடுதல் உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போகிறது.

2. இந்த மண்ணில் காக்கப்பட்ட வாக்கு

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28-இல் ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிடைத்து, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் அது சட்டப்படி நிறைவேறியது. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தத் தேதிகள் தெரியும். அந்த உடன்படிக்கைக்குள் ஊழியர்களைப் பற்றி எழுதியிருப்பதை அதிகம் பேர் கவனித்ததில்லை.

பிரான்சின் மையப் பணித்தொகுதிகளைச் சேர்ந்தவர்கள் தவிர, இங்கிருந்த எல்லா ஊழியர்களையும் இந்திய அரசு தன் பணியில் எடுத்துக்கொள்ளும் என்கிறது அது. ஊதியம், விடுப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றில், 1954 நவம்பர் 1-க்கு முன்பு அவர்களுக்கு இருந்த அதே நிபந்தனைகளை, மாறிய சூழல் இடமளிக்கும் அளவுக்குத் தரவும் உறுதி சொல்கிறது. பொதுப் படையினரும், அதாவது காவலர்களும், இதில் அடக்கம் என்று தனியே குறிப்பிடுகிறது. உள்ளூர் நிதியிலிருந்து கொடுத்து வந்த ஓய்வூதியங்களின் பொறுப்பையும் இந்திய அரசு ஏற்றது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சுக் கொடிக்குக் கீழே, அந்தக் கொடியை இறக்கச் சொன்ன மக்களுக்கு எதிரே நிறுத்தப்பட்டவர்கள் அந்தக் காவலர்கள். விடுதலை பெற்ற இந்தியா அவர்களிடம், நீ யாருக்காக வேலை செய்தாய் என்று ஓய்வூதியத்தில் கணக்குப் பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது சொல்லப்பட்ட நிபந்தனை, ஆட்சியே மாறினாலும் மாறக் கூடாது என்று ஏற்றது. புதுச்சேரிக் காவலரின் சிவப்புத் தொப்பி பிரெஞ்சுக் காலத்தின் மிச்சம் என்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். படத்தில் சிக்காத இந்த நேர்மைதான் அந்தக் காலமாற்றம் விட்டுச் சென்ற பெரிய சொத்து என்று நான் கருதுகிறேன்.

3. உறைந்துபோன பென்ஷன்

இதே வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களைச் சொல்தா என்று புதுச்சேரிப் பக்கம் சொல்வோம். காரைக்காலிலும் அத்தகைய குடும்பங்கள் உண்டு. சைகோன் வரை போய் வந்தவர்கள், பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கியவர்கள்.

பிரான்சின் ஆட்சிக்குக் கீழ் இருந்து பிரிந்த நாடுகளின் குடிமக்களுக்குத் தரும் ராணுவ, சிவில் ஓய்வூதியங்களை 1959 டிசம்பரில் அந்நாட்டின் நிதிச் சட்டம் அப்படியே உறைய வைத்தது. அன்றைய தொகை எதுவோ அதுவே என்றைக்கும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரின் பென்ஷன் விலைவாசியோடு ஏறியது. ஒரே போரில் பக்கத்தில் நின்று சண்டையிட்ட மற்றவருக்குத் தொகை நின்ற இடத்திலேயே நின்றது. இதைச் சரிசெய்ய அரை நூற்றாண்டு ஆனது. 2010 மே 28-இல் பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் இத்தகைய விதிகள் சமத்துவத்துக்கு எதிரானவை என்று தீர்ப்பளித்தது. 2011 முதல் தொகைகள் சமமாயின. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பென்ஷனை யாரும் ரத்து செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். மாதாமாதம் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. விலைவாசியோடு ஏறாத பென்ஷனை, கொடுத்துக்கொண்டே பறிக்கலாம். இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு 2004-க்கு வருவோம்.

4. ஓர் எல்லையின் இரு பக்கத்தில் இரண்டு சட்டம்

1982 டிசம்பர் 17-இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடை ஆகாது, பணியால் ஈட்டிய உரிமை என்று தீர்ப்பளித்தது. ஓய்வூதியர்கள் அந்த நாளைத் தங்கள் நாளாகவே கொண்டாடுகிறார்கள். அன்று நடைமுறையில் இருந்தது 1972-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி ஓய்வூதிய விதிகள், புதுச்சேரிக்கும் அவைதான். அந்த விதிகளில் 20 ஆண்டுப் பணிக்குப் பிறகு, மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் 33 ஆண்டுக் கணக்கும் போய், 20 ஆண்டு முடித்து விலகியவருக்கே அடிப்படை ஊதியத்தில் பாதி கிடைத்தது. பணம் மறுநாளிலிருந்து. அகவிலைப்படி தனியாக. இருபது வயதில் சேர்ந்த காவலர் நாற்பதில் வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்துவிட்டு, உடம்பில் தெம்பு இருக்கும்போதே வேறு வாழ்க்கை தொடங்க முடிந்தது.

2003 டிசம்பர் 22-இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2004 ஜனவரி 1 முதல் சேருபவர்களுக்கு இந்தக் கதவு சாத்தப்பட்டது. முப்படைகளுக்கு மட்டும் விலக்கு. காவல்துறைக்கு விலக்கு இல்லை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இந்தக் கடற்கரையை அடித்தது. அன்றைக்குப் பிணங்களைத் தூக்கியவர்கள் யார் என்று கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் கேட்டுப் பாருங்கள். ராணுவத்துக்கு நிகரான ஆபத்து காவலருக்கு இல்லை என்று அந்த அறிவிக்கையை எழுதியவர்கள் நினைத்திருந்தால், மறுப்பு அந்த ஆண்டிலேயே வந்துவிட்டது.

திருமலைராயன்பட்டினம் ஸ்டேஷனிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே போனால் நாகூர். அங்கே தமிழ்நாடு காவல்துறை. அவர்களுக்கு 2003 ஏப்ரல் 1-இலேயே பழைய ஓய்வூதியம் நின்று, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஊழியர் பத்து விழுக்காடு, அரசு பத்து விழுக்காடு. அந்த நிதி தேசிய ஓய்வூதிய ஆணையத்திடம் போகவில்லை, மாநில அரசிடமே இருந்தது. 2026 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, கடைசி ஊதியத்தில் பாதியை உறுதி செய்யும் புதிய திட்டத்தை அறிவித்தது. புதுச்சேரிக் காவலருக்கோ தேசிய ஓய்வூதியத் திட்டம். இவர் பத்து விழுக்காடு கட்டுகிறார். அரசின் பங்கு 2019 ஏப்ரல் முதல் மத்தியத் திட்டத்தில் பதினான்கு. நாகூர் கந்தூரி விழாவுக்கும் கடத்தல் சரக்கைப் பிடிக்கவும் இரு பக்கத்தாரும் சேர்ந்தே நிற்கிறார்கள். வயதான பிறகு வாழ்வதற்கு மட்டும் இருவருக்கும் இரு வேறு கணக்கு.

தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் விலகினால் என்ன கிடைக்கும்? இருபது ஆண்டுக்கு முன் ராஜினாமா செய்தால், சேர்ந்த தொகையில் 80 விழுக்காட்டை ஆண்டுத்தொகைத் திட்டத்தில் போட வேண்டும். இருபது ஆண்டுக்குப் பின் விருப்ப ஓய்வு என்றால் 40 விழுக்காடு போதும், 60 விழுக்காட்டைக் கையில் பெறலாம். கணக்குக்காக, நாற்பத்தைந்து வயதுக் காவலர் ஒருவரின் நிதியில் 40 லட்சம் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 24 லட்சம் கைக்கு வரும். 16 லட்சத்துக்கு ஆண்டுக்கு ஆறு விழுக்காடு என்றால் மாதம் 8,000 ரூபாய். அவருக்கு எழுபத்தைந்து வயது ஆகும்போதும் அதே 8,000. கையில் வந்த 24 லட்சம் சிறு தொகை இல்லைதான். ஆனால் வீட்டுக் கடனும் மகள் கல்யாணமும் அதற்காகவே காத்திருக்கும் என்பது இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். பிறகு மிஞ்சுவது அந்த 8,000. அகவிலைப்படி இல்லாத அந்த மாதத் தொகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1959-ஆம் ஆண்டின் உறைந்த பென்ஷன்தான் கண்முன் நிற்கிறது. அங்கே நாடாளுமன்றம் உறைய வைத்தது, இங்கே ஒப்பந்தப் பத்திரமே உறைய வைக்கிறது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பணியில் இறந்தாலோ, உடல் முடங்கி வெளியேறினாலோ பழைய ஓய்வூதிய விதிகளின் பயனைப் பெறும் வாய்ப்பு புதிய திட்டத்தினருக்கும் தரப்பட்டிருக்கிறது. செத்தால் பழைய சட்டம், உயிரோடு களைத்துப் போனால் புதிய சட்டம் என்றாகிவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.

5. யார் அனுப்பினார் என்ற கேள்வி

2024 ஆகஸ்ட் 24-இல் மத்திய அமைச்சரவை ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு ஊழியர்கள் விரும்பினால் அதற்கு மாறலாம் என்றானது. 25 ஆண்டுப் பணிக்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி, பத்தாண்டுப் பணிக்குக் குறைந்தது மாதம் 10,000 ரூபாய், இறந்தபின் துணைக்கு அதில் 60 விழுக்காடு, விலைவாசிக்கேற்ற நிவாரணம். உறையும் குறை இதில் நீங்கியிருக்கிறது. மத்திய விதிகளை ஒட்டியே நடக்கும் புதுச்சேரியிலும் ஊழியர்கள் இதைக் கூர்ந்து பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் இந்தத் திட்டத்தின் அறிவிக்கையில் விருப்ப ஓய்வு பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். 25 ஆண்டு முடித்து ஒருவர் தானாக விலகினால், அவர் தொடர்ந்து வேலை செய்திருந்தால் எந்த நாளில் ஓய்வு பெற்றிருப்பாரோ அந்த நாளில்தான் மாதத் தொகை தொடங்கும். இருபதில் சேர்ந்து நாற்பத்தைந்தில் விலகியவர் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்தப் பதினைந்து ஆண்டில்தான் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பு, பெற்றோரின் மருத்துவம் எல்லாம் வருகின்றன.

அதே அறிவிக்கையில் இன்னொரு பகுதி இருக்கிறது. அடிப்படை விதி 56-இன் ஜே பிரிவின்படி, பொது நலன் கருதி அரசே ஓர் ஊழியரை முன்கூட்டி ஓய்வில் அனுப்பலாம். காவலர் நிலையில் இருப்பவருக்குப் பொதுவாக 55 வயதில் இது பொருந்தும். மூன்று மாத நோட்டீஸ் போதும், தண்டனையாகவும் கருதப்படாது. அப்படி அனுப்பப்பட்டவருக்கு மாதத் தொகை அனுப்பப்பட்ட நாளிலிருந்தே தொடங்கும்.

இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் உண்மை வெளிப்படுகிறது. உன்னால் இனி முடியாது என்று அரசு சொன்னால் அன்றே பணம். என்னால் இனி முடியவில்லை என்று காவலர் சொன்னால் அறுபது வரை பட்டினி. உடம்பு யாருடையது? முழங்கால் தேய்ந்ததும், இரவு டூட்டியில் சர்க்கரை ஏறியதும் முதலில் தெரிவது யாருக்கு? சங்கம் வைக்க முடியாத, வேலைநிறுத்தம் செய்ய முடியாத ஒருவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே எதிர்ப்பு, விலகிப் போவது. அதற்கும் பதினைந்து ஆண்டு அபராதம் விதிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

6. பணத்துக்கு எங்கே போவது?

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிப்பவன் இல்லை நான். ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாச்சலம் ஆகிய மாநிலங்கள் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தபின், 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் இதழில் வந்த ஆய்வு, பழைய திட்டத்தின் மொத்தச் சுமை தேசிய ஓய்வூதியத் திட்டத்தைப் போல 4.5 மடங்கு வரை போகலாம் என்று கணித்தது. எச்சரிக்கை நியாயமானது. அது எல்லா அரசு ஊழியருக்குமான கணக்கு. நான் கேட்பது ஒரே துறைக்கு, அதிலும் காவலர் முதல் உதவி ஆய்வாளர் வரை உள்ளவர்களுக்கு.

எளிய கணக்கு ஒன்று. அடிப்படை ஊதியம் 50,000 ரூபாய் வாங்கும் தலைமைக் காவலர் விலகினால் ஓய்வூதியம் 25,000. அவர் இடத்தில் வரும் புதிய காவலருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் ஏழாவது ஊதியக் குழுவின்படி 21,700. இரண்டும் சேர்ந்து 46,700. அகவிலைப்படி இரண்டுக்கும் ஒரே விகிதம். ஆக மாதச் செலவு கூடவில்லை. பணிக்கொடை முன்கூட்டியே கொடுக்க வேண்டி வரும், புதியவரின் ஓய்வூதியப் பொறுப்பும் சில ஆண்டு முன்னதாக வந்து சேரும், ஆண்டு செல்லச் செல்லப் புதியவரின் ஊதியமும் ஏறும். இந்தச் செலவு உண்மை. அதற்கு எதிரே, ஐம்பத்தெட்டு வயது ஏட்டுக்குப் பதில் இருபத்திரண்டு வயதுக் காவலர் ஊருக்குக் கிடைக்கிறார். காவலர் தேர்வுக்காக இந்தக் கடற்கரை மணலில் விடியற்காலையில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இடம் பிறக்கிறது.

அனுபவசாலிகள் எல்லோரும் போய்விடுவார்களே என்ற அச்சமும் உண்டு. நான் கட்டாய ஓய்வு கேட்கவில்லை. இந்த இடத்தில் அமெரிக்க முறை எனக்கு உடன்பாடில்லை. வழக்கு எழுதுவதில் தேர்ந்தவர், ஊர்ப் பஞ்சாயத்தைப் பேசித் தீர்க்கத் தெரிந்தவர், இருக்க விரும்பினால் அறுபது வரை இருக்கட்டும். கதவு உள்ளே இருப்பவர் கையால் திறக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

7. எதை, யார் மாற்ற வேண்டும்?

மத்திய ஆயுதக் காவல் படையினர் நீதிமன்றம் போனார்கள். தாங்களும் ஒன்றியத்தின் ஆயுதப் படையே, ஆகவே 2003 அறிவிக்கை முப்படைக்குத் தந்த விலக்கு தங்களுக்கும் உண்டு என்றார்கள். 2023 ஜனவரி 11-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. அந்த வழக்கு வென்றாலும், ஊர் ஸ்டேஷன் காவலருக்கு அது நேராகப் பொருந்தாது. அவர் ஒன்றியத்தின் ஆயுதப் படை ஆகமாட்டார். ஆகவே நீதிமன்றத்தை நம்பி இருப்பதைவிட விதியை மாற்றுவதே வழி.

மாற்ற வேண்டியதும் சிறிய பகுதிதான். ஒருங்கிணைந்த திட்டத்தில் விருப்ப ஓய்வுக்கான பிரிவில், காவல் பணியாளர் என்றால் மாதத் தொகை விலகிய நாளிலிருந்து தொடங்கும் என்று ஒரு விலக்கு எழுதினால் போதும். 56-ஜே பிரிவினருக்கு ஏற்கெனவே இருப்பதை இவர்களுக்கும் நீட்டிப்பதுதான் அது. நாற்பத்தைந்து வயது இளமை என்று நிதித்துறை தயங்கினால், 25 ஆண்டுப் பணியோடு 50 வயதும் நிறைந்திருக்க வேண்டும் என்று வைத்தாலும் ஏற்பேன். புதுச்சேரி சட்டப்பேரவை இதைத் தனியாக முடிவு செய்ய முடியாது. ஆனால் தீர்மானம் நிறைவேற்றி உள்துறை அமைச்சகத்துக்கும் ஓய்வூதியத் துறைக்கும் அனுப்ப முடியும். அந்தத் தீர்மானத்தோடு 1956 உடன்படிக்கையில் பொதுப் படையினரைப் பற்றிய பகுதியையும் இணைத்து அனுப்ப வேண்டும் என்று, இந்தத் தொகுதியிலிருந்து பேரவைக்குப் போகிறவர்களை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். அன்று இந்தியா ஏற்ற பொறுப்பு, வேறொரு நாட்டின் காவலர்களாக இருந்தவர்களுக்கானது. 2004-க்குப் பின் சேர்ந்தவர்கள் தொடக்கம் முதலே நம் காவலர்கள். அவர்களில் முதலில் சேர்ந்தவர்கள் 2029-இல் 25 ஆண்டுப் பணியை நிறைவு செய்வார்கள். விதியைத் திருத்த அதுவரைதான் கால அவகாசம் இருக்கிறது.